தைராய்டு எட்டு, இப்ப ஒம்போது

எட்டா இருந்தது ஒம்போதா ஆயிருக்குதாம்மா! எறங்கத்தான மாத்திர குடுத்தாங்க? மூணு மாசமா ஒரு நாள் தவறல. காலைல அஞ்சு மணிக்கு வெறும் வயித்துல முழுங்கிட்டு, அரை மணி நேரம் டீயப் பாத்துக்கினே ஒக்காந்திருக்கேன். குடிக்கல, பாத்துக்கினு! அந்தக் கொடும ஒனக்குத் தெரியுமா?

நீயும் தைராய்டா? இல்லியா... பெண்ணாடத்துலேருந்து மாமியாருக்குத் துணையா வந்தியா. சரி சரி, ஒக்காரு. டோக்கன் இப்பத்தான் பத்தொம்போது போவுது, எனக்கு இருபத்தொண்ணு.

இந்த டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? "சிவகாமசுந்தரி, ஒங்களுக்கு லேசாத்தான் தைராய்டு மந்தம்"னாரு. மந்தமானா இந்த நம்பரு ஏறுமாம். லேசுன்னா வுட்டுட வேண்டியதுதான? வுட மாட்டாராம். அது மந்தமா இருந்தா ரத்தத்துல கொழுப்பு ஏறுமாம், ரத்தக்குழா சொவரு தடிச்சி வெறச்சிப் போவுமாம். கழுத்துல ஸ்கேன் வெச்சுப் பாத்தா அதுவும் லேசா தடிச்சிருக்குதாம். எல்லாமே லேசு லேசு!

சிரிக்கிறியா? சிரி. எங்கப்பா நாப்பத்தெட்டு வயசுல நெஞ்சப் புடிச்சிக்கினு சாஞ்சவரு. எனக்கு இப்ப நாப்பத்தாறு. பயமாத்தான் இருக்குது, பேசிக்கினே இருந்தா கொஞ்சம் தெரியல... அதான்.

வூட்டுக்காரருக்கும் இதே கததான். பிரஷரு மாத்திர போட்டும் எறங்கல. எல்லாம் அந்த ஊறுகாயினாலதான்! ஊறுகா பாட்டில எடுத்து ஒளிச்சி வெச்சேன். மனுசன் மூணு மாசமா மோர்சோத்துக்கு முன்னாடி ஒக்காந்து மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கறாரு.

என் மாத்திர டப்பாவா? பையிலதான் இருக்குது, இந்தா பாரு. ஈரம் படாம வெக்கணும்னு மருந்துக்கடையில சொன்னாங்க. எங்ககிட்டயா ஈரம்? வூட்டுப் பின்னாடி சூள இருக்குது, அது மேல பலக. அகல்வெளக்கு, பொம்மையெல்லாம் காய வெக்கிற எடம். ஐப்பசி மழையிலயும் மொறுமொறுன்னு காஞ்சிரும். தெனம் அங்கதான் வெப்பேன், பத்திரமா...

ஏம்மா முழிக்கிற? இன்னா போட்டிருக்குது? முப்பது டிகிரிக்கு மேல... வெக்கக் கூடாதா?

முப்பதா! சூள எரியறப்ப அந்தப் பலகையில கைய வெக்க முடியாதேம்மா!

அய்யய்யோ. மூணு மாசமா மாத்திரய சுட்டுல்ல தின்னிருக்கேன்! லேபு பொண்ணத் திட்டுனேன், டாக்டரத் திட்டுனேன், செத்துப்போன எங்கப்பாவக்கூட...

இரு இரு இரு. அப்ப... என் ஒடம்பு மாத்திரைக்கு அடங்காம போவல! மாத்திரதான் கெட்டுப்போச்சு! ஏம்மா, எனக்குக் குதிக்கணும்போல இருக்குது! புது மாத்திர வாங்கி சூடு படாம வெச்சா எறங்கிடும், இல்ல?

இன்னாது, இருபத்தொண்ணு கூப்பிட்டாங்களா? நிக்கச் சொல்லும்மா! போனு எங்க... எதுக்கா? அவரு பிரஷரு மாத்திரயும் அதே பலகையிலதாம்மா இருக்குது!

அலோ... ஏங்க, சூளைய அணைங்க. அப்புறம் சொல்றேன், அணைங்க மொதல்ல. ஒங்க பிரஷரு மாத்திர டப்பாவ எடுத்துக்கினு இங்க வாங்க. ஆ... அப்புறம்... ஊறுகா பாட்டிலு அரிசிப் பானைக்குள்ள இருக்குது. ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டுதான்!