தேடிக் கொடுத்தவள்

அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பசிக்கும். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு ஆட்கள் வருவதே மத்தியானத்தில்தான். சாப்பாட்டு இடைவேளையில் வேலையிடத்திலிருந்து ஓடிவந்து, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள். என் டிபன் பாத்திரம் இழுப்பறையில் ஆறிக்கொண்டிருக்கும். இப்போது வீட்டில் யாராவது மூக்கை உறிஞ்சினாலே வயிறு கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் குழந்தைகள் இல்லத்திலிருந்து பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பினார்கள். படிக்க வைக்கிறோம், பெரிய ஆளாகத் திரும்பி வருவான் என்று தாய்மார்களிடம் சொன்னார்கள். உனக்கு யாரும் இல்லை என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். அதைச் செய்தவர்கள் எல்லாரும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் தலை நரைத்து, மொழி மறந்து, பெயர் மாறித் திரும்பி வந்து "என் அம்மா எங்கே?" என்று கேட்பார்கள். தேடிக் கொடுப்பது என் வேலை. அம்மா பேசுவது மகனுக்குப் புரியாது, மகன் பேசுவது அம்மாவுக்குப் புரியாது. நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொல்வதும் நான்தான்.

இந்த வேலையில் ஒரே ஒரு விதி உண்டு. அடையாளத்தை நாம் முதலில் சொல்லக் கூடாது. மச்சமோ தழும்போ, அது அம்மாவின் வாயிலிருந்து தானாக வரவேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேலாளர் மற்ற எதிலும் கண்டிப்பில்லாதவர், இதில் மட்டும் கறாராக இருந்தார். "ஆசைப்படறவங்களுக்கு எது சொன்னாலும் ஞாபகம் வந்துரும்" என்பார்.

தச்சர் வந்தபோது மேலாளர் ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார். தச்சர் என்றால் உங்களிடம் புகார் கொடுத்தவர். அங்கே மர வேலை செய்கிறார், கை முழுக்கச் சிராய்ப்பு. அவரிடம் இருந்தது முதுகில் ஒரு தழும்பு, இடது தோள்பட்டைக்குக் கீழே, வெந்நீர் கொட்டியது. வேறு ஒன்றும் இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். பாதித் தெருக்களை இடித்துவிட்டிருந்தார்கள். மனிதர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் என்னை முந்திக்கொண்டு செருப்பைக் கழற்றினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், "பரவாயில்லை, நீங்கள் உங்களால் ஆனதைச் செய்தீர்கள்" என்றார். எனக்கு அவ்வளவு களைப்பாக இருந்தது.

அப்போதுதான் தையல்கார அம்மாவின் நினைப்பு வந்தது. கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டு, எத்தனையோ வருடமாக என் மேஜைக்கு வந்து போகிறவர். மிஷினுக்கு அடியில் துணி விரித்துப் பிள்ளையைப் போட்டுவிட்டுத் தைப்பாராம். அதை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். "உங்க பிள்ளைக்கு முதுகுல வெந்நி பட்ட தழும்பு ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டேன்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மிஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு, "ஆமா, ஆமா. அடுப்படில. நான்தான் கவனிக்கல" என்று அழுதார். அவர் பொய் சொல்லவில்லை, அதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும். அந்த நிமிடம் அவருக்கு நிஜமாகவே ஞாபகம் வந்துவிட்டது. நான் அவர்களைச் சேர்த்து வைத்தேன். தச்சர் அந்த அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு எனக்குப் பசிக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கும். மறு வருடம் பேக்கரி அம்மா வந்தார். ரொட்டி அடுக்கும் வேலை, தலையில் வலை கட்டியபடியே வந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்:

"இடது தோள்பட்டைக்குக் கீழ, சுடுதண்ணி கொட்டிருச்சு. இந்தா, இத்தாம் பெருசு. என் கை தவறித்தான்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

தச்சரின் முதுகை நான் பார்த்திருக்கிறேன். அளவு சரியாகத்தான் இருந்தது.

"அப்படி யாரும் வரலம்மா" என்றேன்.

வேறு என்ன சொல்வது? தச்சர் தையல்கார அம்மாவுக்கு வீட்டுக் கூரையை மாற்றிக் கொடுத்திருந்தார். அங்கேயிருந்து பேரப் பிள்ளைகளின் படம் வந்து சுவர் நிறைந்திருந்தது. ஓர் அம்மாவின் மடியிலிருந்து மகனைப் பிடுங்கி இன்னொருவரிடம் கொடுப்பதா? அப்படிச் செய்ய மனசு கல்லாக இருக்கவேண்டும். பேக்கரி அம்மா மாதா மாதம் வந்தார். ஒவ்வொரு தரமும் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

பிறகு லாரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். அவரையும் கைக்குழந்தையாக அனுப்பியிருந்தார்கள். அவரிடம் தழும்பு, மச்சம் எதுவும் இல்லை. "நான் எதற்கோ அடியில் படுத்திருக்கிறேன். தலைக்கு மேலே ஒரு இரும்புத் தகடு ஏறி இறங்குகிறது. கனவில் அடிக்கடி வரும்" என்று மட்டும் சொன்னார். அது தையல் மிஷினின் மிதி என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

நீங்கள் என் இடத்தில் இருந்து யோசியுங்கள். மகன் இல்லாத அம்மா ஒருவர் இருக்கிறார், அம்மா இல்லாத மகன் ஒருவர் இருக்கிறார். லாரிக்காரரைப் பேக்கரி அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த அம்மா அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. முதலில் திரும்பி நிற்கச் சொன்னார். சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வெறும் முதுகு. அதில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். சுவரில் கை வைத்து சுவிட்ச் தேடுகிற மாதிரி இருந்தது.

"கேளும்மா. சுடுதண்ணி கொட்டுனது ஞாபகம் இருக்கான்னு கேளு" என்றார்.

நான் லாரிக்காரரிடம், "பயணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்கிறார்" என்றேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"ஞாபகம் இருக்காம். தழும்புதான் வளர வளர மறைஞ்சு போச்சாம், அங்க நல்ல மருந்து போட்டிருக்காங்க" என்றேன்.

பேக்கரி அம்மா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சட்டையை இறக்கிவிட்டு, மடிப்பை நீவிச் சரிசெய்தார். "சாப்பிட்டானான்னு கேளு" என்றார். திருப்தி என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லாம் நன்றாகத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வீட்டுப் போனுக்கும் நான்தான் மாற்றிச் சொன்னேன், ஒரு பைசா வாங்கியதில்லை. தையல்கார அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், தச்சர் தன்னுடையதைத் தருகிறேன் என்று பறந்து வந்திராவிட்டால் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். பரிசோதனை செய்த டாக்டர், இவர் உங்களைப் பெற்றவர் இல்லை என்று அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். தச்சர் அதை அந்த அம்மாவிடம் சொல்லவே இல்லை. பொருந்தவில்லை என்று மட்டும் என் மூலம் சொல்லிவிட்டு, கடைசிவரை பக்கத்தில் இருந்து, மகனாகவே எல்லாம் செய்து அனுப்பிவிட்டு, அப்புறம்தான் உங்களிடம் வந்திருக்கிறார். பாருங்கள், அவரும் மறைத்தார். அவரை யாரும் விசாரிக்கவில்லை.

லாரிக்காரரின் அம்மாவுக்குத் தச்சர் கொள்ளி வைத்தார் என்கிறீர்கள். ஆமாம். லாரிக்காரருக்கு அது தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? தெரிந்தே செய்தாயா என்று கேட்டால், தெரிந்தேதான் செய்தேன். இரண்டு தடவையும். எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் யாருடைய கையும் வெறுமையாகப் போகக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இருந்ததில்லை.

பேக்கரி அம்மா இன்னமும் வருகிறார், அது ஒன்றுதான் எனக்குப் புரியாத விஷயம். மகன் கிடைத்த பிறகு இங்கே என்ன வேலை? வருவார், மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வி கேட்பார். வயசானால் பழக்கம் விடாது.

நேற்றும் வந்தார். நீங்கள் உள்ளே அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தீர்கள். தச்சர் இதோ இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"வேற யாராச்சும் வந்தாங்களாம்மா?"

"யாரும் வரலம்மா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, தச்சரின் முழங்காலில் இடிக்காமல் ஒதுங்கி, படியிறங்கிப் போனார். தச்சர் எழுந்து அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். நல்ல மனிதர். யார் அந்த அம்மா என்று என்னிடம் கேட்டார். மகனைத் தேடிக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வந்தவர் என்றேன். அது பொய்யில்லை, நீங்களே அவரை விசாரித்துப் பார்க்கலாம்.