ஃபெரி வரிசையில் பத்து நிமிடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கினேன். கம்ப்யூட்டர் தெரியாத நான் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான். முருகனை நினைத்துக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

மலேசியாவின் கோலா கெடா படகுத்துறையில், லங்காவித் தீவுக்குப் போகும் ஃபெரிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், மடிக்கணினியை ஒரு கையில் ஏந்தி நின்ற பெண் தன்னோடு வேலை செய்பவரிடம் சொன்னாள்:

“அண்ணே, என்னை நானே வெளிய வச்சுப் பூட்டிக்கிட்டேன்.”

“எங்க?”

“செமிலிங் ஃபேக்டரி லினக்ஸ் சர்வர்ல. ஃபயர்வால்ல ஒரு வழிய அடைக்கச் சொன்னாங்க. நான் உள்ள போற வழியையே அடைச்சிட்டேன்.”

“அப்ப நேர்ல போய்த்தான் திறக்கணும் லா. ஃபெரிய மறந்துரு.”

“எப்படிண்ணே? சாயங்காலம் லங்காவில தம்பிக்கு நிச்சயம். மோதிரம் என் பையில இருக்கு.”

“கெட்டிக்காரிதான் போ.”

“இருங்கண்ணே. கை வைக்கிறதுக்கு முன்னாடியே, பத்து நிமிஷத்துல பழைய செட்டிங் தானா திரும்பணும்னு சர்வர்ல போட்டு வச்சிருக்கேன்.”

“எத்தனை நிமிஷம் ஆச்சு?”

“எட்டு.”

வரிசை நகர்ந்தது. அவர்கள் நகரவில்லை. பின்னால் நின்ற நானும் அவசரப்படுத்தவில்லை. மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“பிங் பண்ணிப் பாரு, பதில் வருதா?”

“இல்லண்ணே.”

“இப்ப?”

“வந்துருச்சு அண்ணே. உள்ள போயிட்டேன்.”

“அப்ப அந்த வழிய ஒழுங்கா அடைச்சிரு.”

“மோதிரத்தக் குடுத்துட்டு அடைக்கிறேன். நடங்கண்ணே, நடங்க.”

படிப்பவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். ஒரு வரியும் மாற்ற வேண்டாம். மாற்றியே தீருவேன் என்பவர்கள், அந்தப் பெண்ணைப் போல முதலில் திரும்பி வர வழி செய்துகொள்ளுங்கள்.