கோட்டுக்கு வெளியே நின்றவள்

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே! ஒற்றை விசிலால் ஓராயிரம் சண்டைகளைத் தீர்த்த மூத்த நடுவர்களே! ஓய்வு பெற்றும் வாய் ஓயாத என் தொலைபேசி நிலையத் தோழியரே! பிள்ளைகளின் ஆட்டம் காண ஓடிவந்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் இன்றைய அணியின் நடு ஆட்டக்காரியே! அனைவருக்கும் என் அன்பு கனிந்த வணக்கம்.

அவள் ஏன் வெறுங்காலோடு இருக்கிறாள்? அவளுடைய ஷூ என் காலில் இருக்கிறது. நான் மேடை ஏறும்போதே கீழே பார்த்துச் சிரித்தீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அறுபத்திரண்டு வயதில், விழாவுக்கென்று தேய்த்த உடையும் ஓடுவதற்கென்று தைத்த ஷூவுமாக ஒருத்தி வந்து நின்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

தூரத்து எறிதல் கூடைப்பந்தை எப்படி மாற்றியது என்று பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். இந்த ஆடுகளத்துக்கு என் பெயரை வைக்கப்போவதாகவும் சொன்னார்கள். அதோ, நீலத் துணி மூடிய பலகை. அதைப் பற்றியும் பேசத்தான் போகிறேன்.

அன்பார்ந்தவர்களே! அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்தை ஆண்டது எது? அறிவா? அல்ல. ஆற்றலா? அதுவும் அல்ல. அங்குலம்! உயர்ந்தவள் உள்ளே நிற்பாள், குட்டையானவள் கொண்டுவந்து கொடுப்பாள். நான் ஐந்தடி பதினொரு அங்குலம். பேருந்தில் குனிந்து நின்றவள், புகைப்படத்தில் பின்னால் நின்றவள், "கூனாதடி" என்று அம்மாவிடம் தினமும் முதுகில் அடி வாங்கியவள். என் உயரத்தை உலகம் மன்னித்த ஒரே இடம் வளையத்துக்குக் கீழே இருந்த அந்த நாலு சதுர அடிதான். தோழிகள் எனக்கு வைத்த பெயர் ஏணி.

எங்கள் தொலைபேசி நிலைய அணியில் இன்னொருத்தி இருந்தாள். பழுதுப் புகார்ப் பிரிவில் வேலை. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பெயர் குண்டூசி. ஆள் சிறிசு, குத்தினால் தெரியும். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நான் எங்கே போய் முட்டப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் களம் நிலையத்தின் பின்புறம், சைக்கிள் நிறுத்தத்துக்கும் கேபிள் கிடங்குக்கும் நடுவில் இருந்தது. தூரத்திலிருந்து எறிந்து தவறிய பந்து கிடங்கின் தகரக் கூரையில் விழும். தடார்! உள்ளே கிடங்கு அதிகாரி மதியத் தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழுவார். அவர் தொல்லை தாங்காமல் எங்கள் கோச் ஒரு சட்டம் போட்டார். "தப்பான ஷாட் போட்டா பத்து ரவுண்டு!" எது தப்பான ஷாட்? தூரத்திலிருந்து போடுவதெல்லாம் தப்பு. விழுந்தாலும் பத்து, விழாவிட்டாலும் பத்து. ஓடவிடுவது யார்? அணித்தலைவி. அதாவது நான்.

குண்டூசி எறிவாள். விழும். ஓடுவாள். மறுநாளும் எறிவாள். விழும். ஓடுவாள். நான் இடுப்பில் கைவைத்து நின்று கத்துவேன்: "மூலைய வெட்டாம ஓடுடி!"

"வெட்டல ஏணி, நீ ஒழுங்கா எண்ணு. இது ஏழு, நீ ஆறுங்கிற!"

என்ன தாய்மார்களே, சிரிக்கிறீர்கள்? சிரிக்கவேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. தூரத்து எறிதலுக்குப் பலம் எங்கே இருக்கிறது தெரியுமா? கையில் இல்லை, காலில் இருக்கிறது! முழங்கால் மடங்கி நிமிரும் அந்த உந்தலில்தான் பந்து அத்தனை தூரம் போகிறது. எறியக்கூடாது என்று தண்டித்தோம். தண்டனையே அவள் காலுக்கு உரம் போட்டது. இரண்டு வருடம் ஓடவிட்டு, எந்த ஆட்டத்தை ஒழிக்க நினைத்தோமோ அதே ஆட்டத்துக்கு அவளைத் தயார் செய்து வைத்தோம். இதைவிடப் புத்திசாலிகள் எங்கே கிடைப்பார்கள்?

பிறகு ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது. களத்தில் ஒரு வளைகோடு வரைய வேண்டும். அதற்கு வெளியிலிருந்து விழுந்தால் இரண்டு அல்ல, மூன்று புள்ளி. கோச் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். "இதெல்லாம் சர்க்கஸ்காரங்களுக்கு. நமக்கு எதுக்கு?" பெயின்டர் வந்து கோடு போட்டார், கோச் அதன்மேல் தன் சைக்கிளை நிறுத்தினார். கோடு வந்தது, எங்கள் சட்டம் மட்டும் போகவில்லை.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். பக்கத்திலிருந்து பத்து எறிந்து ஐந்து விழுந்தால் பத்துப் புள்ளி. தூரத்திலிருந்து பத்து எறிந்து நாலே நாலு விழுந்தாலும் பன்னிரண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு! இதை ஒப்புக்கொள்ளப் பெரிய பெரிய கோச்சுகளுக்குப் பல ஆண்டுகள் ஆயின. கணக்கு தெரியாமலா? தெரியும், மனசுதான் வரவில்லை.

ஆனால் அந்தப் பன்னிரண்டு பெரிதல்ல, பெரியோர்களே! வெளியே ஒருத்தி எறிவாள் என்று தெரிந்தால், அவளைத் தடுக்க எதிரணியில் ஒருத்தி வெளியே போயாக வேண்டும். அவள் போனால் உள்ளே ஓர் இடம் காலியாகும். யாருக்கு? என்னைப்போன்ற ஏணிக்கு! தூரத்து எறிதல் தூரத்தை மட்டும் தொடவில்லை, பக்கத்தையும் திறந்துவிட்டது. என் சோற்றில் கைவைக்க வந்தவள் என்று அவளை நினைத்தேன். எனக்கு இடம் போட்டுக் கொடுக்க வந்தவள் அவள்.

இனி அந்த இறுதி ஆட்டம். முப்பத்து நாலு ஆண்டுகள் ஆகின்றன. சற்று முன் தலைவர் பழைய செய்தித்தாளை வாசித்தாரே, "கடைசி நொடிவரை தனி ஒருத்தியாகப் போராடிய தலைவி" என்று; நீங்களும் கைதட்டினீர்களே, அந்த ஆட்டம். கோச் சொல்லை மீறிக் குண்டூசி அன்று தூரத்திலிருந்து இரண்டு எறிந்தாள். இரண்டும் விழுந்தன. அதனால்தான் நாங்கள் நெருங்கவே முடிந்தது. கடைசி எட்டு நொடி, இரண்டு புள்ளி பின்னால் நிற்கிறோம். பந்து என் கையில். என்னைச் சுற்றி மூன்று பேர். கோட்டுக்கு வெளியே, வலது மூலையில், குண்டூசி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

நான் என்ன செய்தேன்? மூன்று பேருக்கு நடுவில் எம்பினேன். நாலு கை தடுத்தது. பந்து போயிற்று, கோப்பையும் போயிற்று.

வேனில் திரும்பும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "நான் காலியாத்தான் நின்னேன், ஏணி."

"கூட்டத்துல தெரியலடி," என்றேன்.

அடுத்த மாதம் வேறு நிலையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். அங்கே அணியில் சேரவில்லை.

இந்த விழாவுக்கு வந்தவளோடு இன்று காலை தேநீர் குடித்தேன். பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள்: "அன்னைக்கு நான் இன்னும் ரெண்டடி இந்தப் பக்கம் வந்து நின்னிருக்கணும்டி. உன் கண்ணுல பட்டிருப்பேன். நின்ன இடம் தப்பு. என்னாலதான் தோத்தோம்."

முப்பத்து நாலு வருடம்! என் பொய்யை நம்பி, செய்யாத தப்பை இவள் சுமந்திருக்கிறாள். நான் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்தேன்.

குண்டூசி, கேள். இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். பார்த்தேன்டி. நல்லாப் பார்த்தேன். உன் ரெண்டு கையும் தெரிஞ்சுது. நீ நின்ன இடம் சரி. கண் பார்த்தது, கைதான் கொடுக்க மறுத்தது. ஏன்? பயம், பொறாமை. நீ எறிந்து ஜெயித்துவிட்டால், இந்த உயரத்துக்கு இருந்த அந்த நாலு சதுர அடியும் போய்விடுமே என்ற பயம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இன்றைய கோச்சுகளே! நீங்கள் மட்டும் யோக்கியர்கள் என்று மார்தட்டவேண்டாம். இன்று எல்லாரும் வெளியே நின்று எறிகிறார்கள். என் ஷூக்காரி, ஆறடிப் பெண், அவளும் எறிகிறாள், மகிழ்ச்சி. ஆனால் நேற்றுப் பயிற்சியில் அவள் ஒருமுறை உள்ளே நுழைந்ததற்கு, "யார் உன்னை உள்ள போகச் சொன்னது?" என்று கத்தினீர்களே! அன்று வெளியே நின்றவளை ஓடவிட்டோம். இன்று உள்ளே போகிறவளை உட்காரவைக்கிறீர்கள். காதைத் திருகும் கை அதேதான், காதுதான் வேறு. காலத்துக்குக் காலம் கோடு நகரும், கணக்கு மாறும். மாறாத கேள்வி ஒன்றுதான்: யார் காலியாக நிற்கிறார்? அவருக்குப் பந்து போகிறதா? அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டில் கேளுங்கள். கூட்டத்தின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, கையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார். நாம் பார்க்காமல் இல்லை. பார்க்கிறோம், பார்த்துவிட்டுத்தான் கொடுக்காமல் இருக்கிறோம்!

எங்கள் அணிச் சட்டம் ஞாபகம் இருக்கிறதா? தப்பான ஷாட்டுக்குப் பத்துச் சுற்று. அன்றைய தப்பான ஷாட் என்னுடையது. என்னை யாரும் ஓடவிடவில்லை. ஷூ எதற்கென்று இப்போது புரிகிறதா?

என்ன டாக்டர் ஐயா, கீழேயிருந்து கை காட்டுகிறீர்கள், முழங்காலா? அது என் முழங்கால், நான் பார்த்துக்கொள்கிறேன். தலைவர் அவர்களே, அந்த நீலத் துணி அப்படியே இருக்கட்டும். நான் பத்துச் சுற்றையும் முடித்துவிட்டு வருகிறேன். அதன் பிறகு அந்தப் பலகையில் என் பெயர் இருக்கலாமா கூடாதா என்பதை மூன்றாவது வரிசையில் இருப்பவள் சொல்லட்டும். அவள் சொல்வதே எனக்குத் தீர்ப்பு.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கேட்டதும் ஷூவைக் கழற்றிக் கொடுத்த பெண்ணுக்கும், ஒலிபெருக்கி கரகரக்காமல் பார்த்துக்கொண்ட தம்பிக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம் சொல்லி இறங்குகிறேன்.

என்ன குண்டூசி, எழுந்து நிற்கிறாய்? இரைச்சலில் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்... என்ன சொல்கிறாள் கேட்டீர்களா? இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொல்கிறாள்:

"மூலைய வெட்டாம ஓடுடி, ஏணி! நான் எண்ணுறேன்!"