அறுநூற்று நாற்பது கிலோ

ஜப்பானியர் ஆட்சிக் காலம். பிரிக்பீல்ட்ஸ் பங்கீட்டு அரிசி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, ரயில்வே பட்டறையில் கணக்கெழுதும் கிராணி, தம் பக்கத்திலிருந்த இயந்திரம் பொருத்தும் மூத்த பிட்டரிடம் திடீரென்று கேட்டார்:

“அண்ணே, எட்டடிக்கு நாலடி, அரை இஞ்ச் இரும்புத் தகடு எவ்வளவு எடை இருக்கும்?”

“ஒரு இஞ்ச் தகடு சதுர அடிக்கு நாப்பது பவுண்டு. அரை இஞ்சுக்கு இருபது. முப்பத்திரண்டு சதுர அடிக்கு அறுநூத்தி நாப்பது பவுண்டு. இதுகூடத் தெரியாமத்தான் கிராணியா இருக்கியாலா?”

“அதேதான் வந்துச்சு. ஜப்பான்காரன் கிலோவுல கேட்டான். பழக்கத்துல பவுண்டுல கணக்குப் போட்டு, சரக்குச் சீட்டுல கிலோன்னு எழுதிட்டேன்.”

“ஐயோ, கிலோவுல அதுல பாதிகூட வராதே! கிள்ளான் துறைமுகத்துல நிறுத்துப் பாத்தா, மிச்ச இரும்ப நீ வித்துட்டேன்னுல்ல சொல்லுவானுங்க! தகடு ஏத்துன லோரி போயிடுச்சா?”

“காலையிலயே.”

வரிசையில் கிராணியின் முறை வந்தது. அவர் தம் பங்கீட்டு அட்டையைப் பிட்டரின் கையில் வைத்தார்.

“அரிசிய வீட்டுல குடுத்துடுங்கண்ணே. நான் கிள்ளானுக்குப் போறேன். திரும்பலன்னா, என் பொஞ்சாதிகிட்ட நான் திருடலன்னு சொல்லுங்க.”