கூவும் மைக்கும் என் கன்னமும்

பொங்கல் பானைபோல் பொங்கிச் சிரிக்கும் சபைத் தலைவர் ஐயாத்துரை அவர்களே! பழமாய்க் கனிந்த பெரியோர்களே! பந்திக்காகப் பகலெல்லாம் பாடுபட்டு, இப்போதுதான் பாயில் அமர்ந்த தாய்மார்களே! சூலியா தெருவிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவந்த தம்பி ஷேக் அலாவுதீனே! மூன்றாம் வரிசையில் கன்னம் புடைக்கப் புகையிலை அடக்கியிருக்கும் என் ஆருயிர் ராமசாமியே! வணக்கம்!

நான் கைநாட்டு, மேடையில் பேசத் தெரியாதவன். ஆனால் நேற்று டாக்டர் பத்மாவதி என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து, "ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வருஷமாச்சு தாத்தா, சுத்தமா இருக்கு! போய்ப் பொங்கல் சாப்பிடுங்க லா!" என்றார். அந்த நிமிடத்திலிருந்து துள்ளுகிறேன். இந்த மேடை தாங்குமா?

ஊய்ய்ய்ங்!

ஆகா, மைக் கூவுகிறது! தம்பி, கொஞ்சம் பொறு, குமிழைத் திருகாதே. என் கதையே இந்தக் கூவல்தான்! மைக் கேட்டதைப் பெட்டி கத்துகிறது, பெட்டி கத்தியதை மைக் கேட்கிறது, மறுபடி கத்துகிறது. பேசியது யார்? யாருமில்லை! தன் சத்தத்தைத் தானே தின்று வளர்கிறது!

என் கன்னத்திலும் இதுதான் நடந்ததாம். டாக்டரம்மா சொன்னார்: வாயின் உள்தோலில் மீன்செதிள்போல் தட்டையான உயிரணுக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மரபணுக்கள். எல்லாம் ஒரே நேரத்தில் பேசுமா? பேசாது! 'வளர்' என்று ஒன்று சொல்லும், 'போதும்' என்று ஒன்று அடக்கும். எது எப்போது பேசலாம் என்பதற்கு உள்ளேயே குமிழ் உண்டு. நான் அடக்கிய பாக்கும் புகையிலையும் அந்தக் குமிழை உடைத்தன. 'போதும்' ஊமையானது. 'வளர்' தன் குரலைத் தானே கேட்டுக் கூவியது. அந்தக் கூவலுக்குப் பெயர்தான் புற்று!

இப்போது திருகு, தம்பி. ஆ, அமைதி! தொடக்கத்தில் எவ்வளவு சுலபம்! நான் டாக்டரிடம் பிந்திப் போனேன். பாதிக் கன்னத்தைக் கொடுத்துத்தான் அமைதி வாங்கினேன்.

என்ன ராமசாமி, எழுந்து மேடைக்கே வந்துவிட்டாய்?

"டேய், பேச்ச முடிச்சிடு லா! என் வாயில இருக்கிற வெள்ளைத் திட்ட ஊருக்கே சொல்லிடாத!"

சபையோரே, சாட்சி நீங்கள்! நானா சொன்னேன்? அவனே சொன்னான்! ஒரு மாதமாக ஒளித்ததை ஒரே மூச்சில் சொன்னான்!

"வலிக்கவே இல்லடா!"

எனக்கும் வலிக்கவில்லையே, ராமசாமி! வலி வரும்வரை காத்திருந்தவன்தான் நான். அது புற்றாகவே இருக்கவேண்டும் என்றில்லை, ஆனால் பார்த்தாகவேண்டும். நீ இல்லாமல் பட்டர்வொர்த் ஃபெர்ரிப் படகில் நான் யாரோடு சண்டை போடுவேன்? நாளைக் காலையில் என்னோடு டாக்டரம்மாவிடம் வருகிறாயா, இல்லையா?

அது என்ன சத்தம்? புகையிலையைத் துப்பிவிட்டான்! வருகிறேன் என்று தலையும் ஆட்டுகிறான்! ஐயோ, துப்பியது தலைவரின் வெள்ளிச் செம்பில்! பொறுத்தருள்க, ஐயாத்துரை அவர்களே. இதைவிட இனிய ஓசையை இந்த மண்டபம் கேட்டதில்லை!

கேட்ட செவிகளுக்கும் கூவிய மைக்குக்கும் நன்றி! தலைவருக்கு வேறு செம்பு கொடுங்கள்! வணக்கம்!