இரண்டு தட்டு

மனித உடம்பால் எடுக்க முடியாத வடிவம் என்று இந்த உலகத்தில் ஒன்று கிடையாது. எலும்பு என்பது வெறும் அவநம்பிக்கை. இதை என்னிடம் சொன்ன மாஸ்டர், சொல்லி முடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டார். இடுப்பில் நாலு விரல் அகலத்துக்கு பெல்ட் கட்டியிருந்தார். அதை அவிழ்த்தால் ஆள் இரண்டாக மடிந்துவிடுவார் என்று வகுப்பில் பேசிக்கொள்வார்கள். கலையைச் சேர்ந்த மடிப்பாக அவர்கள் அதைச் சொல்லவில்லை.

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர். நீங்கள் கொண்டுவந்திருக்கும் படிவத்தில் 'சம்பவம் நடந்த விதம்' என்பதற்கு மூன்று வரி விட்டிருக்கிறார்கள். மூன்று வரிக்குள் மடங்குகிற அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை. போன முறை நீங்கள் பயிலகத்துக்கு வந்தபோது 'அவர் தட்டவில்லை' என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினேன். கிளம்பும்போது சுவரில் இருந்த பயிற்சி அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல பெரிய விஷயம் சார்" என்று என்னைப் பாராட்டினீர்கள். இன்று மெத்தைக் கடைக்காரர் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

எனக்கு எடையளவு அலுவலகத்தில் வேலை. கடைக்காரர்களின் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்த வேண்டும். இருபத்துமூன்று வருடமாகிறது. ஒரு கிலோ என்று சொல்லும் கல் ஒரு கிலோவாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருக்கும். நான் உள்ளே நுழைந்தால் கடையில் பேச்சு நிற்கும். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அதைத் தவிர என் வரவால் எங்கேயும் எதுவும் மாறியதாக நினைவில்லை.

ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கிறேன். அக்கா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். "உனக்கு உடம்பும் வளையாது, மனசும் வளையாது. உன்னையெல்லாம் எவ கட்டிக்குவா? நல்லவேளை, யாரும் கட்டிக்கல" என்பாள். அது அவளுடைய அன்பு. உடம்பு வளையாதவன் என்று சோம்பேறியைத்தான் சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் யார் எதைச் சொன்னாலும் அளந்து பார்த்துவிடுவது என் தொழில்பழக்கம். போனை வைத்துவிட்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து, அளந்தேன். விரல் நுனிக்கும் கால் கட்டைவிரலுக்கும் நடுவே பதினாறு சென்டிமீட்டர் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு கடைவளாகத்தில் தராசு சோதிக்கப் போனேன். நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு துணிமூட்டை அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு பெண் மடிந்து கிடந்தார். கால் எது, கை எது என்று கண்டுபிடிக்கச் சிறிது நேரம் பிடித்தது. முந்நூறு பேர் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முழு நீளத்தில் அங்கே நின்றுகொண்டிருந்த என் மேல் இரண்டு பேர் இடித்துவிட்டு, தூணில் இடித்ததுபோலப் போனார்கள். அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. பெட்டிக்குள் அடங்கிவிட்டால் மனிதர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

அந்தப் பெண் பழகிய பயிலகம் மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நானும் சேர்ந்தேன். 'உடல் வளைவுக் கலை உயர் ஆய்வுப் பயிலகம்' என்று பலகை. ஆய்வுக்காக அங்கே ஒரு கடிகாரமும் ஏழு பாய்களும் இருந்தன. தினமும் காலை ஆறிலிருந்து ஏழரை வரை வகுப்பு. ஒருவர் உடம்பை இன்னொருவர் அழுத்தி, இழுத்து, வளைக்க வேண்டும் என்பதால் எல்லாரும் ஜோடி ஜோடியாகப் பழகுவார்கள். ஏழு பேர் என்றால் மூன்று ஜோடி. ஏழாவது ஆளுக்குச் சுவர். எட்டு மாதம் என் ஜோடி அந்தச் சுவர்தான். சுவரைக் குறை சொல்ல மாட்டேன். நாள் தவறாமல் வரும், ஒரே அளவாக அழுத்தும். ஆனால் அதற்குக் கைச்சூடு கிடையாது.

வீட்டிலும் பழகினேன். யாரோ வாசலில் போட்டிருந்த பெரிய அட்டைப்பெட்டிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். இடுப்பு இறங்கிவிட்டது, தோளும் இறங்கியது, பிறகு எதுவும் ஏறவில்லை. மூன்று மணி நேரம் கழித்து வாட்ச்மேன் பெட்டியைக் குப்பைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது இருமினேன். "ஏன் சார், கூப்பிட்டிருக்கலாமே" என்றார். யாரைக் கூப்பிடுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பதாவது மாதம், பெட்டிக்குள் பார்த்தேனே, அந்தப் பெண்ணின் ஜோடிக்கு வேலை மாற்றலாகிவிட்டது. மாஸ்டர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு அவரிடம் அனுப்பினார். வகுப்பில் அவரை ரப்பர் என்று கூப்பிடுவார்கள். பகலில் ஒரு கூரியர் கவுண்டரில் வேலை. எனக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்ததும் அவர்தான். அளவுத் துறையில் இருப்பவன் என்ற மரியாதைக்காக வைத்தது.

அவர் உள்ளங்கையை என் முதுகில் வைத்த முதல் நாள் எனக்கு மூச்சு பிசகியது. அதற்கு முன்னால் என் முதுகைத் தொட்டது ஒரு டாக்டரின் ஸ்டெதாஸ்கோப். அது பதினோரு வருடத்துக்கு முந்திய கதை.

"மூச்சை விடுங்க சார். பயப்படாதீங்க, உடைச்சிட மாட்டேன்" என்றார்.

திங்கட்கிழமைதோறும் அவரவர் தங்களை அளந்து அட்டவணையில் எழுத வேண்டும். இன்னும் எத்தனை சென்டிமீட்டர் குறைகிறது என்பதுதான் கணக்கு. மாஸ்டர் எண்ணைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார்.

"என்ன ஸ்கேல் சார், இந்த வாரம் எவ்வளவு?" என்று ஒரு திங்களன்று ரப்பர் கேட்டார்.

"பத்து."

"பரவாயில்லையே. ரிட்டயர் ஆகறதுக்குள்ள கால் கைக்குக் கிடைச்சிடும்."

இரண்டாம் வருடக் கடைசியில் சைபர் எழுதினேன். அவர் எண்ணைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், "வாழ்த்துகள் சார்" என்று மெதுவாகச் சொன்னார். அன்று மற்றவர்கள் என்னைச் செய்துகாட்டச் சொன்னபோது, "அவருக்கு இன்னிக்குக் கால்ல சுளுக்கு, விடுங்கப்பா" என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவு பண்பானவர்.

இப்போது விதிக்கு வருகிறேன். வலி பொறுக்க முடியாதபோது தரையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். உடனே ஜோடி கையை எடுத்துவிட வேண்டும். ஒரு தட்டு தவறுதலாகப் படலாம் என்பதால் இரண்டு. சேர்ந்த புதிதில் நான் மாஸ்டரிடம், "மூணு தட்டினா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "மூணாவது தட்டு வரைக்கும் நீங்க கையை எடுக்கலைன்னா, நாலாவதை நான் உங்க தலையில தட்டுவேன்" என்றார். அது வேடிக்கைப் பேச்சு. விதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றுக்கு விதி இல்லை என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ரப்பர் தேள் என்ற நிலைக்காக உழைத்துக்கொண்டிருந்தார். குப்புறப் படுத்து, தாடையையும் மார்பையும் தரையில் ஊன்றி, உடம்பைப் பின்பக்கமாகத் தலைக்கு மேல் மடித்து, இரண்டு பாதங்களையும் முகத்துக்கு முன்னால் தரையில் வைக்க வேண்டும். ஜோடி பின்னால் நின்று தொடைகளைப் பிடித்து, மயிலிறகை நகர்த்துவதுபோல முன்னால் தள்ள வேண்டும். தாடை அழுந்தியிருப்பதால் வாய் திறக்காது. தட்டு என்கிற ஏற்பாடே அதற்காகத்தான். அவருக்கு மூன்று சென்டிமீட்டர் பாக்கியிருந்தது. அதற்காக ஒரு வருடமாகத் தினமும் வகுப்பு முடிந்த பிறகும் அரை மணி நேரம் இருப்பார். நானும் இருப்பேன். அந்த அரை மணியில் மாஸ்டர் காபி குடிக்கக் கீழே போய்விடுவார்.

சம்பவம் நடந்த அன்று, பாயில் படுப்பதற்கு முன்னால் ரப்பர் சொன்னார்:

"சார், என்னை எடுத்துட்டாங்க. கப்பல்ல ஷோ. இருபதாம் தேதி கிளம்பறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நாளா? ரெண்டு வருஷம் சார். அப்புறமும் வருவேனான்னு தெரியல. உங்களுக்கு வேற ஜோடி பார்க்கச் சொல்லி மாஸ்டர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"என்ன சொன்னார்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுவர் காலியாத்தான் இருக்குன்னார்."

நல்ல நகைச்சுவைதான். நானும் சிரித்தேன். பிறகு அவர் படுத்தார், நான் பின்னால் போய் நின்றேன்.

கோபம் எதுவும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று சென்டிமீட்டரை முடித்துக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன். தள்ளினேன். இரண்டு தட்டு வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தட்டு இரண்டோடு நிற்கவில்லை. மூன்றாவதும் உடனே வந்துவிட்டது. மூன்றுக்கு விதி இல்லை. ஏழுக்கும் இல்லை. கீழேயிருந்து மெத்தைக் கடைக்காரர், "யாருப்பா அது, தலையில காரை கொட்டுது" என்று கத்தினார். அவர் கடை திறந்துகொண்டிருந்த நேரம். என் கைக்குள் ரப்பரின் தொடைகள் நடுங்கின. சூடாக இருந்தன. சுவர் நடுங்காது.

கடைசியில் ஈரத்துணியை ஒருமுறை உதறியதுபோலச் சத்தம் கேட்டது. தட்டிய கை மல்லாந்து கிடந்தது. பாதங்கள் இரண்டும் தரையைத் தொட்டிருந்தன. குனிந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், இடைவெளி இல்லை. அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே சைபர் எழுதினேன். பிறகு இருபத்திரண்டு படி இறங்கிப் போனேன். மாஸ்டர் காபியில் பாதியில் இருந்தார். குடிக்கும்போது பேசினால் அவருக்குப் பிடிக்காது. முடிக்கும்வரை நின்றேன்.

அதன் பிறகு நடந்தது உங்களிடம் எழுத்தில் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே ரப்பருக்கு உணர்வு இல்லை. கவனக்குறைவு என்று மாஸ்டர் மேல் வழக்கு, பயிலகத்துக்குப் பூட்டு. பலகையைக் கழற்றியபோது மாஸ்டரால் குனிய முடியாததால் நான்தான் தூக்கி வைத்தேன்.

ரப்பர் இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறார். கால்கள் இறுகிப்போகாமல் இருக்கத் தினமும் யாராவது மடக்கி நீட்டிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு வேலை, அண்ணிக்குக் கைக்குழந்தை. நான் போகிறேன். மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. ஏழு மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"சொந்தக்காரங்களே எட்டிப் பார்க்கல சார். கடவுள் உங்களை அனுப்பி வெச்சதுக்கு நாங்க எவ்வளவு குடுத்து வெச்சிருக்கணும்" என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொள்வார். அந்த வீட்டில் நான் நுழைந்தால் பேச்சு நிற்பதில்லை. "வாங்க" என்கிறார்கள். எனக்கென்று ஒரு டம்ளர் இருக்கிறது.

வலித்தால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டச் சொல்லியிருக்கிறேன். கால் வலிப்பதில்லை என்பதால் இதுவரை தேவைப்படவில்லை.

இரண்டாவது மாதம் ஒருநாள், கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சார், நான் தட்டினேன்ல? தட்டின மாதிரிதான் இருக்கு."

"இல்லம்மா. நீங்க தட்டல. தட்டியிருந்தா நான் விட்டிருப்பேனே."

"அப்ப என் தப்புதான். கப்பல் நினைப்புல இருந்திருப்பேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை. இடது காலை மடக்கி, முப்பது எண்ணி, நீட்டினேன்.

மெத்தைக் கடைக்காரர் விஷயம். 'மேலே பத்துப் பன்னிரண்டு தடவை யாரோ தட்டினார்கள்' என்று சொல்லியிருக்கிறார். பத்துப் பன்னிரண்டு என்பது ஓர் அளவே அல்ல. அப்படி ஒரு கல்லை வைத்து யாராவது எடை போட்டால் கடையை மூடிவிடுவேன். ரப்பர் தட்டியது பத்தொன்பது. ஒவ்வொன்றாக எண்ணினேன். எண்ணிக்கொண்டேதான் தள்ளினேன்.

தெரிந்தே செய்ததா என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆம் என்று எழுதுங்கள். மாஸ்டர் பெயரை எடுத்துவிடுங்கள். அவரிடம், கட்டிலில் இருப்பவரிடம், சொல்லும்போது எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், பாவம், தட்டவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்று ஐந்தரைக்கு யாராவது போக வேண்டும். வலதுகால் முதலில். கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு தொட வேண்டும். அவருக்குத் தெரியாது, இருந்தாலும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு திருத்தம் இருக்கிறது. அட்டவணையில் என் பெயருக்கு நேரே இருக்கும் சைபரைப் பார்த்துத்தானே அன்று பாராட்டினீர்கள். அது பதினாறு சென்டிமீட்டர்.