பூட்டைத் திறந்த வரி

கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸில் நான் எப்போதும் வலது பக்கம்தான் உட்காருவேன். காலை வெயில் முகத்தில் அடிக்காது. இன்றைக்கும் அப்படித்தான் வந்தேன் சார். யாரும் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாக வந்திருக்கிறேன். நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. ஸ்கேன் சென்டர்களுக்கு ஒரு கருவி செய்கிறோம். தலையை ஸ்கேன் எடுத்ததும் வருவது வெறும் எண்கள்தான். அதைப் படமாக்குவது எங்கள் கருவிக்குள் இருக்கிற கிராபிக்ஸ் பிராசசர். அதற்கு வரிசையாகக் கட்டளைகள் போகும். இந்த ஆளுடைய எண்களை இங்கிருந்து எடு, படத்தை அங்கே வை என்கிற மாதிரி. ஒருவருக்கான கட்டளை இன்னொருவருடைய எண்களைத் தொட்டுவிடக் கூடாது. அதனால் சரிபார்த்த பிறகுதான் ஓட விடுவோம். சரிபார்த்ததற்கும் ஓடுவதற்கும் நடுவில் கட்டளை மாறிவிட்டால்? அந்தப் பயத்தில் முதலில் ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்து, அதைச் சரிபார்த்து ஓட விட்டுக்கொண்டிருந்தோம். அதற்கு நேரம் பிடிக்கும்.

பிரதியே வேண்டாம், கட்டளை இருக்கிற இடத்தையே பூட்டிவிட்டு, ஓடி முடிந்ததும் திறக்கலாம் என்று கண்டுபிடித்தவன் நான். ஏழு மாதம் உழைத்தேன். ஒன்பது நிமிடத்தில் வந்துகொண்டிருந்த படம் மூன்று நிமிடத்தில் வந்தது.

முதலில் ஹாமித்திடம்தான் காட்டினேன். கிள்ளை ஊர்க்காரன், என்னோடு படித்தவன், இப்போது இதே கம்பெனியில் வேலை பார்க்கிறவன். என் மகள் பிறந்தபோது என் மனைவி அனிதாவுக்கு ரத்தம் கொடுத்தவன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால், முதலாளி ராபர்ட் சாரிடம் அவன்தான் போய் விளக்கினான். காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார்கள். ஒரு நாள் அவன் மேஜையில் அந்தத் தாளைப் பார்த்தேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஹாமித், தகப்பனார் நூர்முகம்மது என்று இருந்தது. அவ்வளவுதான்.

"என் பேரு எங்க மச்சான்?" என்று கேட்டேன்.

"ராபர்ட் சாருதான் ஒரு பேரு போதும்னாரு. அடுத்ததுக்கு உன் பேரு மட்டும் போட்டுக்கலாம். நமக்குள்ள என்ன மச்சான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எதையும் மறைக்கிற முகமில்லை. அவனுக்கு அது உண்மையிலேயே சின்ன விஷயம். என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பழிவாங்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை சார். அவன் பெயர் போட்ட பொருள் ஒரு தடவை தடுமாறட்டும் என்று நினைத்தேன். அடுத்த அப்டேட்டில், புரோகிராமில் பூட்டைத் திறக்கிற வரியை எட்டு வரி மேலே நகர்த்தினேன். ஓடி முடிந்து திறக்க வேண்டியது, சரிபார்த்த உடனே திறந்துகொண்டது. அந்த இடத்தில் புதிதாக ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. ஒரு சென்டரின் இரண்டு ஸ்கேன் அறையிலும் ஒரே சமயத்தில் ஸ்கேன் நடந்தால், எப்போதாவது, ஒருவர் பெயரில் இன்னொருவர் படம் வரும். அப்படி வந்தால் என் கம்ப்யூட்டருக்கு மட்டும் தகவல் வருகிற மாதிரி வைத்திருந்தேன். சிதம்பரம் சென்டரில் கொண்டுபோய் அதைப் போட்டவன் ஹாமித்தான். நான் கொடுத்தால் பிரித்துப் பார்க்காமலே போடுவான்.

பதினாறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்குத் தகவல் வந்தது. செந்தமிழ்செல்வன், முப்பத்துநாலு வயது, புவனகிரி. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. அவர் பெயரில் போயிருந்தது, பக்கத்து அறையில் தலைவலிக்காக வந்த ஒரு அம்மாவின் படம். எந்தக் குறையும் இல்லாத படம். செல்வனுடைய எண்களை எடுத்து நானே படமாக்கிப் பார்த்தேன். மண்டைக்குள் இடது பக்கம் ரத்தம் கட்டியிருந்தது. நான் டாக்டர் இல்லைதான். ஆனால் மூன்று வருஷமாக இந்தப் படங்களோடு இருக்கிறேன், பார்த்தால் தெரியும்.

சென்டர் நம்பர் என் போனில் இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். கால் மணி நேரத்தில் ஹாமித்தே கூப்பிட்டான். அன்றைக்கு அவன் சென்டரில்தான் இருந்தான்.

"மச்சான், இங்க ஒருத்தரு ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டாரு. படத்துல ஒண்ணுமே இல்ல. திரும்ப எடுக்கலாமான்னு டாக்டர் கேக்குறாரு. மெஷினு கரெக்டாதான இருக்கு?"

அந்தப் படம் என் எதிரில் திரையில் இருந்தது.

"இப்பதான் பாத்தேன் மச்சான். எல்லாம் சரியா இருக்கு. திரும்ப எடுக்க வாணாம்."

"நீ சொன்னா சரி."

பின்னால் ஒரு பெண் குரல், "அப்ப வூட்டுக்குக் கூட்டிட்டுப் போலாங்களா?" என்று கேட்டது. சந்தோஷமான குரல். அவர் மனைவி சுவேதா என்று அப்புறம் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நாலு மணிக்குச் செல்வன் வீட்டிலேயே இறந்துவிட்டார்.

இதோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். படம் மாறிப்போனது தெரிந்து நீங்கள் கேஸ் போட்ட பிறகும் யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் நேற்று ராபர்ட் சார் ஒரு விஷயம் சொன்னார். "டிசைன் என்னுது, தப்பும் என்னுது, என் கூட்டாளிய எதுவும் கேக்காதீங்க" என்று ஹாமித் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாமே. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறான் என்று அனிதா அழுகிறாள். அவன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரியாது.

பூட்டை அவன் செய்ததாக எழுதினார்கள், பொறுத்துக்கொண்டேன். இப்போது அதைத் திறந்ததும் தான்தான் என்கிறான். எட்டு வரி மேலே நகர்த்தினால் என்ன ஆகும் என்று யோசிக்க அவனுக்கு வராது சார். அது என் வேலை. படத்தைப் பார்த்தவனும் நான்தான், போனில் பொய் சொன்னவனும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அமலன், தகப்பனார் மரியலூர்து. பக்கத்தில் வேறு யார் பெயரும் வர வேண்டாம்.